ஊர் நூலகத்தில் ஓர் இணையவழிக் கற்றல் மையம்: குறைந்த செலவில், எல்லா வயதினருக்கும்

இணையத்தில் பாடங்களுக்குப் பஞ்சமில்லை. ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் இணைந்து 2003இல் தொடங்கிய என்பிடெல், மத்திய அரசின் ஸ்வயம் தளம், பள்ளிப் பாடங்களுக்கான தீக்ஷா, தமிழ்நாடு பள்ளிக்கல்வித் துறை 2023இல் வெளியிட்ட மணற்கேணி செயலி ஆகிய எதிலும் பாடத்தைப் பார்க்கவும் படிக்கவும் கட்டணம் கிடையாது. ஆனாலும் பத்தாம் வகுப்பில் தவறிவிட்டு வேலைக்குப் போகும் இளைஞருக்கும், பிள்ளைகளை வளர்த்து முடித்தபின் கணினி கற்க விரும்பும் பெண்ணுக்கும், பார்வைக் குறைபாடுள்ள கல்லூரி மாணவருக்கும் அவை எட்டாமலேயே இருக்கின்றன. அவர்களுக்குச் செலவு பாடத்தில் வருவதில்லை. கருவி, டேட்டா, இரைச்சலில்லாத ஓர் இடம், தடையில்லாத ஒரு மணி நேரம், ஐயம் வந்தால் கேட்பதற்கு ஓர் ஆள், தேர்வெழுதப் போகும் பேருந்துக் கட்டணம் ஆகியவற்றில்தான் வருகிறது. இவற்றை ஒவ்வொரு வீடும் தனித்தனியே ஏற்பது கடினம். ஊர் சேர்ந்து ஏற்றால் தலைக்கு வரும் பங்கு மிகச் சிறியது. கிளை நூலகத்தையோ ஊர்ப்புற நூலகத்தையோ அடிப்படையாக வைத்து, வாசகர் வட்டத்தினர் நான்கைந்து பேர் சேர்ந்து அதை எப்படிச் செய்யலாம் என்பதே இந்தக் கட்டுரை.

நூலகத்தைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் உண்டு. பொது நூலகங்களுக்கெனச் சட்டம் இயற்றியதில் விடுதலை பெற்ற இந்தியாவுக்கு முன்னோடி 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம். அதன்படி வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியை நாம் இன்றும் செலுத்தி வருகிறோம். ஆகவே, நூலகத்தில் உட்கார்ந்து படிப்பதற்கு யாரும் யாரிடமும் கூச்சப்பட வேண்டியதில்லை. பள்ளிக்கூட வாசலை மிதிக்கத் தயங்கும் ஐம்பது வயதுக்காரர்கூட நூலகத்துக்குள் நாளிதழ் படிக்க வந்துவிடுவார். நூலகரின் இசைவும், தேவைப்பட்டால் மாவட்ட நூலக அலுவலரின் எழுத்துப்பூர்வ அனுமதியும் பெற்றபின் தொடங்குங்கள். கருவிகளை நூலகத்தில் வைப்பது, மின்சாரம் பயன்படுத்துவது, மாலையில் கூடுதல் நேரம் திறந்து வைப்பது ஆகிய மூன்றையும் அந்த விண்ணப்பத்திலேயே குறிப்பிட்டுவிட்டால் பின்னர் சிக்கல் வராது.

யாருக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள்

கருவி வாங்குவதற்கு முன் இரண்டு வாரங்களைக் கணக்கெடுப்புக்கு ஒதுக்குவது நல்லது. இதை இணையப் படிவம் வைத்துச் செய்யக் கூடாது. படிவத்தைத் திறந்து நிரப்பி அனுப்பத் தெரிந்தவருக்கு உங்கள் மையம் அவ்வளவாகத் தேவையில்லை. தேவைப்படுகிறவரின் பெயர் அந்தப் பட்டியலில் வராமலே போய்விடும். மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டம், நியாயவிலைக் கடை வரிசை, நூறு நாள் வேலை நடக்கும் இடம், டீக்கடை என்று நேரில் போய்க் கேட்க வேண்டும்.

கேட்க வேண்டியவை சில கேள்விகளே. வீட்டில் எத்தனை கைபேசிகள் உள்ளன, அவை எந்த நேரத்தில் வீட்டில் இருக்கும், எதைக் கற்க விருப்பம், எந்த நேரம் ஓய்வாக இருக்கும், கண், காது, கை, கால் ஆகியவற்றில் ஏதேனும் குறைபாடு உண்டா என்பவை போதும். இவற்றில் இரண்டாவது கேள்விதான் முதன்மையானது என்பது என் கருத்து. ஒரே கைபேசி உள்ள வீட்டில் அது காலையில் தந்தையோடு வேலைக்குப் போய் இரவில்தான் திரும்புகிறது. பெருந்தொற்றுக் காலத்தில் பகலில் நடந்த நேரலை வகுப்புகள் பல பிள்ளைகளைச் சேராமற்போனதற்கு இது ஒரு முக்கியமான காரணம். உங்கள் மையத்தில் நேரலை வகுப்பு அரிதாகவும், பதிவு செய்த பாடம் வழக்கமாகவும் இருக்க வேண்டும் என்பது இந்தக் கணக்கெடுப்பிலேயே தெளிவாகிவிடும்.

கருவிகள்: புதிதாக வாங்குவதற்கு முன்

2011 முதல் அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் பல வீடுகளில் பரண்மேல் கிடக்கின்றன. பெரும்பாலும் பேட்டரி தீர்ந்திருக்கும், இயங்குதளம் ஊர்ந்துகொண்டிருக்கும். மற்றபடி அவை பயன்படக்கூடிய கருவிகளே. பழைய ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு, அதைவிட வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தி, நினைவகத்தை 4 ஜிபியாக உயர்த்தி, லுபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ போன்ற எடை குறைந்த லினக்ஸ் என்ற விலையில்லா இயங்குதளத்தை நிறுவினால், உலாவியும் லிப்ரே ஆஃபீஸ் என்ற விலையில்லா அலுவலக மென்பொருளும் தாராளமாக ஓடும். விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திக்கொண்டதால், அலுவலகங்கள் கழித்துக்கட்டும் கணினிகளும் இப்போது எளிதாகக் கிடைக்கின்றன. ஊரில் வங்கிக் கிளை, கூட்டுறவுச் சங்கம், தனியார் அலுவலகம் எதுவாயினும் கடிதம் கொடுத்துக் கேட்டுப் பார்க்கலாம். நூலகத்தின் புரவலர் பட்டியலில் உள்ளவர்களை அணுகினால் இத்தகைய செலவுக்கு ஓரிருவர் முன்வரக்கூடும்.

கைக்கணினிகளை வாங்கி ஆளுக்கொன்று கொடுத்துவிடலாம் என்ற யோசனை எப்போதும் யாராவது ஒருவரிடமிருந்து வரும். அதை ஏற்க வேண்டாம். கொடுத்த கருவி சில மாதங்களில் திரை உடைந்தோ வேறு பயன்பாட்டுக்குப் போயோ விடுகிறது. பழுது பார்க்கும் செலவை யாரும் கணக்கில் வைப்பதில்லை. ஐந்து மடிக்கணினிகள், இரண்டு கைக்கணினிகள், ஒரு பெரிய திரை, பத்து ஒலிவாங்கி இணைந்த ஹெட்ஃபோன்கள், மின்தடைக்கு ஒரு இன்வெர்ட்டர் ஆகியவை முப்பது நாற்பது பேருக்கு முறை வைத்துப் போதுமானவை. ஹெட்ஃபோனை மட்டும் குறைத்துவிடக் கூடாது. ஒரே அறையில் ஆளாளுக்கு ஒரு பாடம் ஓடும்போது வெளியே கேட்கும் ஒலிதான் முதலில் சண்டையைக் கொண்டுவரும்.

டேட்டாச் செலவைக் குறைக்கும் வழி

480 பி தரத்தில் ஒரு மணி நேரக் காணொளி, படத்தின் அசைவைப் பொறுத்து, ஏறத்தாழ 300 முதல் 500 மெகாபைட் வரை இழுக்கும். அதே விரிவுரையை வினாடிக்கு 64 கிலோபிட் ஒலியாக மாற்றினால் 29 மெகாபைட்டில் முடிந்துவிடும். வரலாறு, தமிழ் இலக்கியம், பொது அறிவு போன்றவற்றில் ஆசிரியரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதால் கூடுதலாகக் கிடைப்பது எதுவுமில்லை. அவற்றின் ஒலிப்பதிவோடு இரண்டு பக்கக் குறிப்பையும் சேர்த்துக் கொடுத்தால், தையல் இயந்திரத்தின் முன்னோ வயலிலோ இருந்தபடியே கேட்கலாம். கணக்கு, அறிவியல், மென்பொருள் ஆகியவற்றுக்குப் படம் தேவை. அங்கே டேட்டாவைக் கஞ்சத்தனம் பார்க்காமல் செலவிடுங்கள்.

இதைவிடப் பெரிய சேமிப்பு, ஒருமுறை இறக்கிப் பலர் படிப்பதில் இருக்கிறது. மையத்துக்கு மாதம் 500 ரூபாய் அளவிலான ஓர் அகலப்பட்டை இணைப்பு போதும். நூலகம் மூடியிருக்கும் இரவு நேரத்தில் பாடங்களைத் தரவிறக்கி, ஒரு கணினியைச் சேவையகமாக வைத்து, சாதாரண வைஃபை ரூட்டர் மூலம் அறைக்குள் பகிர்ந்துவிடலாம். இதற்கெனவே கோலிப்ரி என்ற கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. ஒரு கணினியில் அதை நிறுவிவிட்டால், மற்றக் கருவிகள் உலாவி வழியாக அதில் நுழைந்து, இணையமே இல்லாமல் பாடம் படித்துப் பயிற்சியும் செய்யலாம். யார் எதுவரை முடித்தார்கள் என்பது, மையத்தில் கற்போருக்கு உதவும் துணைவருக்குத் தெரியும். கற்பவருக்கு மின்னஞ்சல் முகவரி தேவையில்லை என்பதால் சிறுவர்களுக்கும் முதியவர்களுக்கும் இது மிகப் பொருத்தமானது. கிவிக்ஸ் என்ற மென்பொருளில் தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் இறக்கி ஒரு பென் டிரைவில் வைத்துக்கொள்ளலாம். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் அறிவியல் உருவகங்களில் (திரையிலேயே செய்து பார்க்கும் சோதனைகளில்) பலவற்றுக்குத் தமிழ் வடிவம் உண்டு. அவற்றைத் தனிக் கோப்புகளாகச் சேமித்து இணையமின்றியே இயக்கலாம். மின்சுற்றையோ ஊசலையோ மாணவர் தம் கையால் மாற்றி மாற்றிப் பார்க்கும்போது, ஆய்வகம் இல்லாத பள்ளியின் குறை ஓரளவு தீர்கிறது.

பம்பாய் ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். லிப்ரே ஆஃபீஸ், லினக்ஸ், பைத்தான் போன்றவற்றைப் பத்து நிமிட அளவிலான சிறு பாடங்களாக, தமிழ்க் குரலோடு தருகிறார்கள். திரையில் ஒரு பக்கம் பாடம், மறுபக்கம் மென்பொருள் என்று வைத்துக்கொண்டு, சொல்லச் சொல்லச் செய்து பார்க்கும் முறையில் அவை அமைந்துள்ளன. ஆங்கில விளக்கத்துக்கு அஞ்சிக் கணினிப் பயிற்சி நிலையத்தில் ஆயிரக்கணக்கில் கட்டணம் கட்ட நினைப்பவரை முதலில் இங்கே உட்காரவையுங்கள்.

வீட்டில் தொலைக்காட்சி மட்டுமே உள்ளவர்களுக்கு, 2019இல் தொடங்கப்பட்ட கல்வித் தொலைக்காட்சியும், மாதக் கட்டணமில்லாத டிடி ஃப்ரீ டிஷ்ஷில் வரும் ஸ்வயம் பிரபா அலைவரிசைகளும் இருக்கின்றன. அந்த வாரத்து நிகழ்ச்சி நிரலை நூலகப் பலகையில் எழுதி ஒட்டுவது ஒரு ரூபாய்ச் செலவில்லாத வேலை.

வயதுக்கேற்ற பாடம்

பள்ளிப் பிள்ளைகளுக்குப் புதிதாகத் தேடி அலைய வேண்டியதில்லை. 2018 முதல் வந்த தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அச்சிடப்பட்டுள்ள கியூஆர் குறியீடுகளே பாடத்துக்கு நேரே இட்டுச்செல்கின்றன. தீக்ஷா செயலியில் அவற்றை இறக்கி வைத்தும் பார்க்கலாம். ஆறு முதல் பன்னிரண்டு வரை படிப்பவர்களுக்கு மணற்கேணி உதவும்.

படிப்பை இடையில் விட்டவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. அரசுத் தேர்வுகள் இயக்ககத்தில் தனித்தேர்வராகப் பதிந்து எழுதலாம். அல்லது தேசியத் திறந்தநிலைப் பள்ளியில், 14 வயது நிறைந்திருந்தால், பத்தாம் வகுப்புக்குச் சேரலாம். மேல் வயது வரம்பு இல்லை. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைக் கட்டணத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், அவர் மனத்தில் வைத்திருக்கும் வேலைக்கோ மேற்படிப்புக்கோ அந்தச் சான்றிதழ் ஏற்கப்படுமா என்பதை எழுத்தில் உறுதி செய்துகொண்ட பின்னரே சேர்க்க வேண்டும். ஓராண்டு உழைப்பு வீணாவதைவிடப் பெரிய செலவு வேறில்லை.

எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களை நேரடியாக இணையத்தில் உட்காரவைப்பது தவறு. 15 வயதுக்கு மேற்பட்டோருக்கான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் தன்னார்வலர் ஒருவர் எதிரே அமர்ந்து கற்பிக்கட்டும். கைபேசி துணைக்கு வரட்டும். பெயரனுக்கு ஒரு குரல்பதிவு அனுப்புவது, பேருந்து எண்ணைப் படிப்பது, மருந்துச் சீட்டின் நாளைப் பார்ப்பது ஆகியவற்றிலிருந்து தொடங்கினால் அடுத்த நாளும் வருவார்கள்.

முதியவர்களைப் பற்றித் திட்டம் தீட்டுவோர் நினைப்பது குறைவு. 2017இல் ஊரகக் குடும்பங்களுக்கெனக் கொண்டுவரப்பட்ட மத்திய அரசின் எண்ணிமக் கல்வியறிவுத் திட்டமே 14 முதல் 60 வயது வரை என்று எல்லை வகுத்திருந்தது. ஓய்வூதியம் வாங்கக் கைபேசி தேவைப்படும் வயது அதற்குப் பிறகுதானே தொடங்குகிறது? அவர்களுக்குக் கற்பதில் உள்ள தடை அறிவுக் குறைவன்று, பணம் போய்விடுமோ என்ற அச்சம். ஆகவே வங்கிக் கணக்கு இணைந்த அவர்களுடைய சொந்தக் கைபேசியில் முதல் பாடத்தை நடத்தாதீர்கள். மையத்தின் கைக்கணினியில், எழுத்தைப் பெரிதாக்கி, தவறாக எதை அழுத்தினாலும் ஒன்றும் ஆகாது என்று காட்டி, தாராளமாகத் தவறு செய்யவிடுங்கள். ஓடிபியை யாரிடமும் சொல்லக் கூடாது என்பதையும், ஏமாற்றப்பட்டால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும் என்பதையும் இரண்டாம் வகுப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.

மாற்றுத்திறனாளிகளுக்கு

விலையுயர்ந்த சிறப்புக் கருவிகள் வேண்டும் என்று எண்ணிப் பலரும் இதைத் தள்ளிப்போடுகிறார்கள். பார்வையற்றோர் கணினி இயக்குவதற்காகத் திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் என்விடிஏ திரைவாசிப்பான் விலையில்லாதது. பார்வையற்ற இரண்டு ஆஸ்திரேலிய இளைஞர்கள் 2006இல் தொடங்கிய முயற்சி அது. விண்டோஸில் மட்டுமே இயங்கும் என்பதால், மையத்தின் கணினிகளில் ஒன்றையாவது விண்டோஸில் வைத்திருங்கள். ஆண்ட்ராய்டு கைபேசிகளில் டாக்பேக் என்ற திரைவாசிப்பான் ஏற்கெனவே இருக்கிறது. தமிழ்க் குரலை மட்டும் இறக்கிக்கொண்டால் போதும்.

தமிழுக்கே உரிய தொல்லை ஒன்று இங்கே இருக்கிறது. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பாடக்குறிப்புகள் நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும்; திரைவாசிப்பான் அவற்றைப் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக வாசிக்கும். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யுனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010இலேயே தரமாக அறிவித்துவிட்டது என்றாலும், அச்சகங்களிலும் ஆசிரியர்களின் கணினிகளிலும் பழைய எழுத்துரு இன்னும் குடியிருக்கிறது. என்எச்எம் மாற்றி போன்ற விலையில்லா மென்பொருள் கொண்டு அவற்றை யுனிகோடுக்கு மாற்றிய பிறகே மையத்தின் வட்டில் சேர்க்க வேண்டும். படமாக வருடப்பட்ட பிடிஎஃப் கோப்புகளும் அப்படித்தான்; வாசிப்பானுக்கு அவை வெற்றுத்தாள். கூகுள் டிரைவில் ஏற்றி ஆவணமாகத் திறந்தால் தமிழ் எழுத்துணரி அதை உரையாக மாற்றித் தரும். பிழை திருத்த ஒருவர் உட்கார வேண்டும். கல்லூரி மாணவர்களுக்குத் தரக்கூடிய மிகப் பயனுள்ள தன்னார்வப் பணி இதுவே என்பேன்.

செவித்திறன் குறைந்தோருக்கு, பேசுவதை உடனுக்குடன் எழுத்தாக்கும் லைவ் டிரான்ஸ்கிரைப் செயலி தமிழிலும் இயங்குகிறது. துணைவர் பேசும்போது அதைப் பெரிய திரையில் ஓடவிடலாம். சைகை மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கு இது போதாது. இந்தியச் சைகை மொழிக்கெனப் பிஎம் இ-வித்யா என்ற மத்திய அரசுக் கல்வித் திட்டத்தின் 31ஆம் அலைவரிசை 2024 டிசம்பரில் தொடங்கப்பட்டுள்ளது. தீக்ஷாவிலும் சைகை மொழிப் பாடங்கள் கிடைக்கின்றன. நீங்களே குறிப்பு தயாரித்தால் வெளிர்சாம்பல் எழுத்தைத் தவிர்த்து, வெண்மையில் கருப்பாக, பெரிய எழுத்தில் அமையுங்கள். கை நடுங்குவோருக்குக் குரல்வழித் தட்டச்சு கைகொடுக்கும். இவையெல்லாம் இருந்தும் நூலக வாசலில் மூன்று படிகள் இருந்தால் சக்கர நாற்காலி உள்ளே வராது. சாய்தளத்துக்கு ஊராட்சியில் முதல் நாளே மனுக் கொடுத்துவிடுங்கள்.

நேரமும் துணைவரும்

தனியாக இணையத்தில் படிக்கத் தொடங்குவோரில் பெரும்பாலோர் இடையிலேயே நின்றுவிடுகிறார்கள். பாடம் புரியாததால் நிற்பவரைவிட, புரியாதபோது கேட்க ஆளில்லாமல் நிற்பவரே மிகுதி. ஆதலால் மையத்தில் துணைவர் ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும். அவர் எல்லாப் பாடங்களும் அறிந்தவராக இருக்கத் தேவையில்லை. கருவியை இயக்கத் தெரிந்து, வராதவரைத் தொலைபேசியில் விசாரிக்கும் பொறுமையும் இருந்தால் போதும். 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் பணியாற்றிய தன்னார்வலர்கள் ஊர்தோறும் இருக்கிறார்கள். அவர்களிடம் முதலில் கேளுங்கள். மாதம் ஒரு சிறு மதிப்பூதியத்தையாவது வரவுசெலவில் எழுதிவையுங்கள். இலவச உழைப்பை நம்பி அமைத்த மையம் தேர்வுக்காலம் வந்ததும் பூட்டிக்கிடக்கும்.

நேரத்தைப் பொறுத்தவரை, குடும்பப் பெண்களுக்குப் பிற்பகல் இரண்டு முதல் நான்கு, பள்ளிப் பிள்ளைகளுக்கு ஐந்து முதல் ஆறரை, வேலைக்குப் போவோருக்கு ஏழு மணிக்கு மேல் என்று பிரிப்பது பெரும்பாலான ஊர்களுக்குப் பொருந்தும். இரவு நேரத்தில் பெண்கள் வரவேண்டியிருந்தால் இருவராக அனுப்பிவைக்கும் ஏற்பாடு தேவை. கைக்குழந்தையோடு வரும் தாய்க்கு ஒரு பாயும் மூலையில் சில படப்புத்தகங்களும் இருந்தால் அவர் தொடர்ந்து வருவார்.

தேர்வும் சான்றிதழும்

ஸ்வயம், என்பிடெல் பாடங்களில் படிப்பு இலவசம் என்றாலும் சான்றிதழுக்கான தேர்வுக்குக் கட்டணம் உண்டு. என்பிடெல்லில் அது பாடத்துக்கு 1000 ரூபாய் என்ற அளவில் இருந்துவந்துள்ளது. பதியும்போது அன்றைய கட்டணத்தையும் சலுகைகளையும் தளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மதிப்பெண்ணில் கால் பங்கு வாராந்திரப் பயிற்சிகளுக்கும் முக்கால் பங்கு நேரில் எழுதும் தேர்வுக்கும் போகிறது. எனவே பயிற்சியை விட்டுவிட்டவரைத் தேர்வுக்குப் பணம் கட்டவிடாமல் தடுப்பது துணைவரின் கடமை. கல்லூரியில் படிப்பவர்கள், ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் வழியாகப் படித்துப் பட்டத்துக்குரிய கிரெடிட் புள்ளிகளாக மாற்றிக்கொள்ளப் பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் வழிவகுத்துள்ளது. அவர்களுக்கு இந்தக் கட்டணம் பயனுள்ள செலவு. பட்டமே வேண்டுவோர், சென்னை ஐஐடி 2020இல் தொடங்கிய இணையவழித் தரவு அறிவியல் படிப்பைப் பார்க்கலாம். அதற்கு ஜேஇஇ தேவையில்லை, வயது வரம்பு இல்லை. சமூகப் பிரிவு, குடும்ப வருமானம், மாற்றுத்திறன் ஆகியவற்றைப் பொறுத்து 75 விழுக்காடு வரை கட்டணச் சலுகை உண்டு. தள்ளுபடிக்குரிய வருமானச் சான்றிதழையும் சாதிச் சான்றிதழையும் இ-சேவை மையத்தில் முன்கூட்டியே வாங்கி வைக்காததால் சலுகையை இழப்பவர்கள் உண்டு. சேர்க்கைக்கு இரண்டு மாதம் முன்னரே அதைத் தொடங்கிவிட வேண்டும்.

மாற்றுத்திறனாளிகள் தேர்வெழுதும்போது எழுத்தர் உதவியும், மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாத கூடுதல் நேரமும் கேட்க மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறைகள் இடம் தருகின்றன. கேட்டால்தான் கிடைக்கும், விண்ணப்பத்திலேயே அதற்குரிய கட்டத்தைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். சான்றிதழ் தேவைப்படாத ஒருவரைச் சான்றிதழுக்காகச் செலவழிக்கத் தூண்டாதீர்கள். தையல் கணக்கை விரிதாளில் போடக் கற்றவருக்கு அந்த விரிதாளே போதும்.

நடைமுறைப் பராமரிப்பு

கருவிகளின் பட்டியல், வரவுசெலவு, கற்போர் வருகை ஆகியவற்றுக்கு ஒரே பதிவேடு போதும். சிறுவர்களைச் சேர்க்கும்போது பெற்றோரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கி அதில் ஒட்டிவையுங்கள். கற்பவரின் ஆதார் நகலையோ புகைப்படத்தையோ தேவையின்றிச் சேகரிக்க வேண்டாம். கடவுச்சொற்கள் ஒருவரின் நினைவில் மட்டும் இருந்தால், அவர் வேறூருக்கு வேலை கிடைத்துப் போகும் நாளில் மையமும் நின்றுவிடும். அவற்றை எழுதி உறையிலிட்டு நூலகரின் அலமாரியில் வையுங்கள். பாடங்கள் அடங்கிய வட்டுக்கு ஒரு நகல் எடுத்துத் தனியே வைத்து, ஒவ்வொரு ஜூன் மாதமும் பள்ளி திறக்கும் முன் இரண்டையும் புதுப்பித்துவிடுங்கள்.